சூடேற்றும் மூலை

ஆறரைக்கே வந்து நின்றான் யோஹெண்ட்ரி உர்பனேஹா.
வெயில் இன்னும் வேலிமேல் இருந்தது.
"இந்த நேரத்தில் புல்பென் இப்படியா இருக்கும், கஸ்?" என்றான்.
அவன் அறிந்ததெல்லாம் விளக்கு வெளிச்சம்,
ஒன்பதாம் இன்னிங்ஸின் வறண்ட கூச்சல்.
இன்று அவன்தான் முதல் ஆள்.
ஒரே இன்னிங்ஸ். அப்புறம் வேறொருவன்,
அவனுக்கப்புறம் இன்னொருவன்.
கணினிப் பையன்கள் தாளில் போட்டுக் கொடுத்த வரிசை.

நான் குந்தினேன். முழங்கால் முனகியது.

ஈரி ஏரிக் காற்று பாப்கார்ன் உறைகளைக்
கொண்டுவந்து கொட்டும் இந்த மூலையில்
முப்பத்தாறு பருவம் இப்படித்தான்.
உள்ளே போகிறவர்களின் முதல் இருபது பந்து எனக்கு;
ஸ்கோர்கார்டில் என் பெயர் வராது.
இடது ஆள்காட்டி விரல் மட்டும் எல்லாக் கணக்கும் வைத்திருக்கிறது.
மடக்கச் சொன்னால் மடங்காது.

நான் சேர்ந்த எண்பத்து மூன்றில்
ஆட்டத்தைத் தொடங்க லாயக்கில்லாதவர்கள்தான் இங்கே.
படைக்குப் பிந்தியவர்கள் என்று சிரிப்பார்கள்.
ஹார்லன் வெசெலியும் சேர்ந்து சிரிப்பார்.
ஆறாவது இன்னிங்ஸில் தொலைபேசி அடிக்கும்,
புகையிலையைத் துப்பிவிட்டு எட்டே பந்து,
போதும் என்று கிளம்பிவிடுவார்.
இரண்டு பேர் பேஸில் நிற்க, ஒருவரும் அவுட்டாகாத நேரம்.
"அடிக்க வருவது யார்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.
கடைசிவரை வீசிவிட்டு
பெயின்ட் வாளிப் பனிக்கட்டியில் முழங்கையை முக்குவார்.
மறுநாள் அதே வாளி, அதே முழங்கை.

பிறகு ரோஸ்கோ டில்மன் வந்தார்.
ஒன்பதாவது மட்டும்,
அதுவும் மூன்று ரன்னுக்குள் முன்னிலை இருந்தால் மட்டும்.
விளக்கு அணையும், சங்கொலி அலறும்,
நாற்பதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள்,
மாப்பிள்ளை அழைப்பு தோற்றுவிடும்.
எட்டாவது வரை தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூக்கம்.
ஒரு இரவு நம் ஆள் ஒருவன் பந்தைக் கூரைக்கு அடித்தான்.
முன்னிலை நான்காயிற்று.
ஊரே துள்ளியது.
ரோஸ்கோ கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

ஏமில் ஃபோர்ச்சியேவுக்கு ஒன்பதாவதும் இல்லை.
இடக்கையால் அடிப்பவன் ஒருவன் வருவான்,
அவனுக்காக மாலை முழுக்க இவர் காத்திருப்பார்.
நான்கு பந்து. போய்க் குளி.
"எங்கப்பா ஒருத்தரை மட்டும் பார்ப்பார்" என்று
பள்ளியில் சொன்னாளாம் மகள்;
டாக்டர் என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.
ஒருமுறை அந்த ஒருத்தருக்கும் வீசவில்லை.
முதல் பேஸில் நழுவியவனைத் தூக்கி எறிந்தார், இன்னிங்ஸ் முடிந்தது,
அடுத்த பாதியில் நாங்கள் முந்தினோம்.
வெற்றி ஏமில் பெயரில்.
ஷாம்பெயின் கேட்டார், பீர் கொடுத்தோம்.

யோஹெண்ட்ரியின் பந்து நூறு மைலில் வந்து
என் விரலைக் கேட்டுவிட்டுப் போனது.
"முதல் கோணல் முற்றும் கோணல்னு ஆயிட்டா?"
"முற்றும் உன்னுடையதில்லையே" என்றேன்.
தேசிய கீதத்துக்கு எங்கே நிற்பதென்று தெரியாமல்
தண்ணீர் டப்பா பக்கத்தில் நின்றான்.

பதினொரு பந்து. மூன்று அவுட்.
ஏரிப்பக்கம் வானம் இன்னும் கறுக்கவில்லை.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.
மரகாயில் அம்மாவை அழைத்திருந்தானாம்.
ரொட்டிக் கடையில் ஒன்பது மணிவரை வேலை அவளுக்கு;
வீடு வந்து டிவி போட்டால்
மகன் வருவதற்குச் சரியாக இருக்கும், எத்தனை வருடமாக.
"நான் மாவைக்கூட இன்னும் கழுவலையே,
அதுக்குள்ளே முடிச்சிட்டியா?" என்று கேட்டாளாம்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தான்.
இரவு இனிமேல்தான், அவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

நான்காவதில் தொலைபேசி அடித்தது.
என்னைவிட முன்னால் எழுந்துவிட்டான்,
விதைகள் சிதற,
வலது தோளைச் சுழற்றிக்கொண்டே.