பதினொன்றாம் கேள்வி

சேர்க்கைப் படிவத்தின் பதினொன்றாம் கேள்வி:
மாணவர் சொந்தமாகக் கணினி வைத்திருக்கிறாரா?
ஆம், இல்லை. இரண்டு கட்டங்கள்.
இல்லை என்பவர்கள் அலுவலகத்துக்கு வந்து பேசவும்.

நான் பேசப் போகவில்லை.
ஆம் என்று குறியிட்டுவிட்டு
அம்மாவோடு சாட்ஸ்வொர்த் கடைத்தெருவுக்குப் போனேன்.
கட்டில்களுக்கும் குளிர்பெட்டிகளுக்கும் நடுவே
சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள் அதை.
ரேவன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவன்
அம்மாவின் சம்பளச் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்,
மறுபக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கும் என்பதுபோல.
முப்பத்தாறு தவணை. காப்பீடு தனி.
வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் தனி.
பையில் போட்டு நானே கொண்டுபோகிறேன் என்றேன்.
சட்டம் படிக்கப் போகிறாயா, என்றான்.

அம்மா காற்சட்டைக்கு ஜிப் தைப்பவள்.
ஒரு தவணைக்கு எத்தனை ஜிப் என்று
கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

மடிக்கணினி. தமிழில் பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.
டர்பன் போகும் டாக்சியில்
என் மடியை விட்டு அது இறங்கியதே இல்லை.
பதினைந்து பேர் வண்டியில் பதினாறாவதாக
அதற்கும் சேர்த்து மூச்சு விட்டேன்.

நொக்வாண்டா இல்லை என்று குறியிட்டவள்.
பேசப் போனாள். பேசினார்கள்.
ஐந்து மணிக்குப் பூட்டும் ஓர் அறையின் வரிசையில்
முப்பத்தோராவது இடம் கிடைத்தது.
அரசியல் சாசனக் கட்டுரை முழுவதையும்
கைப்பேசியில், கட்டைவிரலால் எழுதினாள்.
என்னைவிட ஒன்பது மதிப்பெண் கூடுதல்.
அதை அவள் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

ஜூலையில் சொத்துரிமைச் சட்டம் தொடங்கியது.
தவணையில் வாங்கிய பொருள்
கடைசித் தவணை தீரும்வரை
விற்றவருக்கே சொந்தம்.
வாங்கியவரிடம் இருப்பது கைவசம் மட்டும்.
விரிவுரையாளர் இதை இரண்டு முறை சொன்னார்.
இரண்டு முறையும் தட்டச்சு செய்தேன்,
அதிலேயே.
பக்கத்தில் நொக்வாண்டா
சிரிப்பைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மின்வெட்டு.
பாட்டரி இருந்தவரை
அவள் ஒரு பத்தி, நான் ஒரு பத்தி.

அடுத்த ஜனவரியில் அதே படிவம் வந்தது,
அதே பதினொன்று, அதே இரண்டு கட்டங்கள்.
கீழே புதிதாக ஒரு வரி:
மேற்கண்டவை உண்மை என்று உறுதியளிக்கிறேன்.
படித்த பாடத்துக்கு என்ன மரியாதை?
இல்லை என்று குறியிட்டேன்.

அலுவலகத்தில் நொக்வாண்டாவுக்குப் பின்னால் நின்றேன்.
மேசைக்காரி என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.
அப்போ அது?

ரேவனுடையது, என்றேன்.
இன்னும் இருபத்து நான்கு மாதத்துக்கு.