சேமித்த இடங்கள்

கண்ணாடியில் ரப்பர்க் கிண்ணத்தால் ஒட்டிய கைப்பேசி ஒன்று.
காரின் நெஞ்சுக்குள்ளேயே பதித்த திரை ஒன்று.
இரண்டுக்கும் எதிரில் நான்,
சொட்டுநீர்க் குழாய் விற்கிறவள்,
பின்சீட்டில் பதினாறு மில்லிமீட்டர் சுருள் மூன்று.

"உள்ளயே மேப் இருக்கு மேடம்,
அதுக்கே எழுபதாயிரம் குடுக்கலாம்"
என்றுதான் தள்ளிவிட்டார் தரகர் அல்லாபக்‌ஷ்,
கிருஷ்ணகிரி ரவுண்டானா தாண்டி
மாம்பழ லாரி நிழலில் வண்டியை நிறுத்தி.

அந்த மேப் இரண்டாயிரத்துப் பதினாறில் நின்றுபோயிருந்தது.
புதுச் சாலையில் ஏறினால்
திரையில் என் அம்புக்குறி
யாருடைய தக்காளியையோ மிதித்துக்கொண்டு போகும்.
ஓசூர் ஷோரூமில் கேட்டேன்.
புதுப்பிக்கப் பதினெட்டாயிரம்.
வரும் வழியில்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஸ்டாண்டு வாங்கினேன்.
ஒட்டும்போதுதான் கவனித்தேன்,
கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு வட்டத் தழும்பு.
அதன் மேலேயே ஒட்டினேன்.

கைப்பேசிக்காரி தமிழ் பேசுவாள்.
கெலமங்கலத்தைப் பல்லால் கடித்துத் துப்புவாள்.
சித்திரை வெயிலில் ரப்பர் இளகி
ராயக்கோட்டை இறக்கத்தில் என் மடியில் விழுவாள்.
விழுந்தபடியே
"இடப்பக்கம் திரும்பவும்" என்பாள்.
யாருக்கு இடப்பக்கம்?

தளியில் ரோஜாக் கூடாரத்துக்குள்
நம்ம மண்ணில்தான் நின்றிருப்பேன்,
கர்நாடகத்துக்கு நல்வரவு என்று செய்தி வரும்.
அஞ்செட்டிக் காட்டில்
டவர் ஒரு கோடு, அரைக் கோடு,
பிறகு வாயடைத்துப் போவாள்.
அப்போது பார்த்து
உள்ளே இருக்கும் ஆங்கிலக்காரி பேச ஆரம்பிப்பாள்,
அவசரமே இல்லாமல்.
அவளுக்கு வானம் தெரிந்தால் போதும்.
அவளுக்குத் தெரிந்த உலகம்
அந்த மலை வளைவுகளில் மட்டும்
இன்னும் அப்படியே இருந்தது.

"ரெண்டுல ஒண்ண ஆஃப் பண்ணுங்க மேடம்"
என்பார் எங்கள் பிட்டர் பைரப்பா.
"ரெண்டு பேரு பேச்சக் கேட்டா
வண்டி சாக்கடைக்குத்தான் போகும்."

ஆடி மாதம் ஒரு ராத்திரி.
பாலக்கோட்டில் ஃபில்டர் மாட்டிவிட்டுத் திரும்புகிறேன்.
கைப்பேசி செத்துவிட்டது, சார்ஜர் பைரப்பாவிடம்.
மழையில் போர்டு எதுவும் தெரியவில்லை.
உள்திரையில் சின்னதாய் ஒரு வீட்டின் படம்.
அழுத்தினேன்.
என் வீட்டை நான் அதில் பதிந்ததே இல்லை என்பது
அப்போது நினைவுக்கு வரவில்லை.

காவேரிப்பட்டணத்துக்குள் நுழைந்து
ஒரு ரைஸ் மில், ஒரு பள்ளிவாசல்,
இரண்டு திருப்பம்.
வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

கேட்டுக்கு முன்னால் சிமெண்டில் இரண்டு பட்டைச் சரிவு.
என் சக்கரங்கள்
அதில் பிசகாமல் பொருந்தி நின்றன.
கேட்டில் சங்கிலி.
ஹெட்லைட் வெளிச்சத்தில் மதிற்சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்து:
இச்சொத்து வங்கியின் சுவாதீனத்தில் உள்ளது.
கீழே முனிரத்தினம் என்ற பெயர்.
ஆர்.சி. புத்தகத்தில்
எனக்கு முன்னால் இருந்த அதே பெயர்.
வைப்பர் அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் வந்தது.
இன்ஜினை அணைக்கத் தோன்றவில்லை.

சேமித்த இடங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது.
எல்லாம் ஆங்கில எழுத்தில், தமிழில்.
பள்ளிக்கூடம்.
கூழ் ஃபேக்டரி.
பேங்க். பேங்க் ரெண்டு. பேங்க் மூணு.
வக்கீல்.
கடைசியில் ஒன்று, கே.ஆர்.பி. அணைக்கரையோரம்,
தெருப்பெயர் இல்லாத ஒரு புள்ளி.
அதற்கு அவர் வைத்திருந்த பெயர்
சும்மா.

கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார் மனிதர்.
வட்டத் தழும்பு அவருடையதுதான்.

மறுநாள் ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்று கேட்டது.
வங்கிகளுக்கு உடனே ஆமாம் என்றேன்.
பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் நேரமானது.
வீட்டை அழித்தேன்.
என் வீட்டைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்கிறேன்.

சும்மாவை விட்டுவைத்தேன்.
இன்னும் போகவில்லை.
அணைப் பக்கம் தோட்டங்களுக்குப் போகும் நாட்களில் மட்டும்
விரல் தவறுதலாகப் பட்டுவிடும்.
ஆங்கிலக்காரி நாக்கைச் சுழற்றி
"ஸம்மா" என்பாள்,
"நாலு கிலோமீட்டர்."