அரைப்பேர்

இரவு ஒன்பதேகாலுக்குக் கொழும்பிலிருந்து
ஆசிரிய பீடம் எடுத்தது.
"இண்டைக்கு இடமில்லை ஐசே."
அவ்வளவுதான் சொன்னார்கள்.

மிச்சத்தை விடியற்காலையில்
பொகவந்தலாவை பஸ்ஸில் வந்து விழுந்த
பேப்பர் கட்டு சொன்னது.

ஒரு கடலோர நாட்டில் நிலம் எழுபது விநாடி ஆடியிருக்கிறது.
முதல் பக்கத்தில் பாதி அந்தத் தூசி.
அருகே இரண்டு ஜனாதிபதிகள் கைகுலுக்குகிறார்கள்;
கையெழுத்திட்ட பேனையின் விலை தனிப் பெட்டியில்.
நிலவுக்குப் போன கலமொன்று
இறங்கவேண்டிய நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டது.
ஒரு தேர்தலில் தோற்றவர்
தோற்கவில்லை என்கிறார்.
எங்கோ ஒரு கோதுமைக் கப்பல் ஐந்தாவது நாளாகத்
துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது.
இது எனக்கு விளங்கும். பாண் விலை.
கடைசிப் பக்கம் முழுக்க உதைபந்தாட்டம்.

ஏழாம் பக்கத்தில்
மரண அறிவித்தலுக்கும்
முழங்கால் வலித் தைலத்துக்கும் நடுவே
நான்கு வரி:
குளவி கொட்டி எழுவர் வைத்தியசாலையில்.
பெயர் ஒன்றும் இல்லை.
தோட்டத்தின் பெயரிலும் ஒரு கால் விழுந்துவிட்டது.

நான் அனுப்பியது முப்பத்தொரு வரி.
சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவில்
கோயில் மதிலேறி நின்று, வட்ஸ்அப்பில்.
எனக்கு வரிக் கணக்கில்தான் காசு.
நான்கு வரிக்கு
டிக்கோயா போய்வர பஸ் காசும் தேறாது.
போனேன்.

ஐந்தாம் வார்டு.
செவனம்மாவின் முகத்தில்
கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு.
"பேப்பர் வந்திருச்சா தம்பி? வாசி."
"எத வாசிக்க?"
"மொதல்ல இருந்து வாசி. காசு குடுத்துத்தானே வாங்குற."

வாசித்தேன்.
நிலநடுக்கத்துக்கு வார்டே உச்சுக்கொட்டியது.
பேனைக்கு யாரோ சிரித்தார்கள்.
நிலவுக் கலம் வந்தபோது நான்காம் கட்டில் ஞானஜோதி
"ஆளு இருந்துச்சா உள்ள?" என்றாள்.
இல்லை என்றதும் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
தேர்தலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாம் பக்கம்.
நான்கு வரியும் ஒரே மூச்சில் தீர்ந்துபோயிற்று.
ஐந்தாவது வரியை
முழங்கால் தைலத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்:

பதினோராம் நம்பர் மலை. காலை பத்தரை.
சவுக்கு மரத்துக் கூடு கலைந்தது,
பருந்து தட்டியதாகச் சொல்கிறார்கள்.
எல்லாரும் ஓட, ஒருத்தி நின்றாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து
விழுந்து கிடந்த இரண்டு பேர்மேல் போர்த்தி
அதன்மேல் தானே கவிழ்ந்துகொண்டாள்.
வயது ஐம்பத்து மூன்று. பெயர் செவனம்மா.
கொண்டுவந்தது கொழுந்து லொறியில்.
அதுவும் கொழுந்தை இறக்கிவிட்டு வந்த பிறகு.
நிறுவை குறைவென்று
அன்றைக்கு ஏழு பேருக்கும் அரைப்பேர்.

தமிழ் தெரியாத மிஸ்ஸும்
ட்ரொலியைத் தள்ளாமல் நின்றாள்.

செவனம்மாதான் பேசினாள்:
"ரெண்டு பேரு இல்ல, மூணு பேரு.
சிவபாக்கியம் மகளும் அடியில கெடந்துச்சு.
இந்தப் பேப்பர்காரனுங்க எப்பவும் இப்படித்தான்,
ஒண்ணையும் ஒழுங்கா போடமாட்டானுங்க."

பிறகு,
"அரைப்பேர் சங்கதியப் போட்டிருக்கான்ல? அது போதும்.
அத மட்டும் வெட்டிக் குடு தம்பி.
தொரைக்கிட்ட காட்டணும்."

கத்தரிக்கோல் இல்லை என்றேன்.
மிஸ்கிட்ட இருக்கும், கேளு என்றாள்.
நாளைக்கு வீக்கம் வற்றிவிடுமாம், டொக்டர் சொன்னாராம்.
எட்டாம் வகுப்புவரை படித்தவள்.

வெளியே வந்தேன்.
வாசலில் சிக்னல் நன்றாக இருந்தது.
கொழும்புக்குத் திருத்தம் ஒன்று அனுப்பினேன்:
இரண்டு அல்ல, மூன்று.

பதில் இல்லை.
நீலத்தில் இரண்டு கோடு மட்டும்.