பதினான்கு மூச்சு

எங்கள் படகில் ஆறு பேர்.
ஐந்து பேர் சாப்பிடுமுன் ஜெபிப்பார்கள்.
ஆறாமவன் நான், சமையல்காரன்.
கரண்டி என் கையில்.

ஃபாரோ தீவுகளுக்கு வடக்கே
மேசைக்கும் வரப்பு கட்டியிருக்கும்,
தட்டு வழுக்கிப் போகாதிருக்க.
ஹோக்னி தொப்பியைக் கழற்றுவான்.
கடலுக்கு, தூண்டிலுக்கு, கரையில் தூங்குகிறவர்களுக்கு,
கடைசியில் சூப்புக்கு நன்றி சொல்வான்.
சூப்பு வைத்தவன் நான்.
முதல் வருஷம் அதைச் சொல்லியும் காட்டினேன்.
"உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."
"எனக்கு நேரே சொல்லேன், இங்கேதானே நிற்கிறேன்."
மறுநாள், ஆமென் சொன்ன கையோடு
என் பக்கம் திரும்பினான்:
"நன்றி, த்ரோந்துர்."
அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை.
நானும்
அவன் கண் மூடியிருக்கையில் பானையைக் கிளறுவதில்லை.
பதினான்கு மூச்சு.
அலை பெருத்தால் பதினாறு.

சண்டை இல்லாமல் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடமாட்டான்.
காட் மீன் கூட்டம் கூட்டமாய்ப் போகும்,
நாங்கள் துறைமுகத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருப்போம்.
வீட்டுக் கடனின் வட்டிக்கு ஞாயிறு விடுமுறையா என்று
ஒருமுறை கத்தியேவிட்டேன்.
தன் பங்கில் பாதியை எடுத்து நீட்டினான்.
அது இன்னும் எரிச்சலாக இருந்தது.
இன்றைக்கும் அந்த விஷயத்தில் எங்களுக்கு ஒத்துவராது.

என் சுன்வா போனபோது
போதகர் வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று
எழுதியே வைத்திருந்தாள்.
ஊரில் பாதிப் பேர் வரவில்லை.
ஹோக்னி கறுப்புக் கோட்டில் வந்து
பெட்டியின் இடது முனைக்குத் தோள் கொடுத்தான்.
குழியருகே அவன் உதடு அசையத் தொடங்கியதைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
பல்லைக் கடித்துக்கொண்டு
மழையில் நின்றான், கடைசி மண் விழும்வரை.
மூன்றாம் நாள் கதவைத் தட்டினான்.
"திரும்பும் வழியில் காரில் அவளுக்காக ஜெபித்தேன்.
உன்னிடம் மறைத்தால் திருட்டு மாதிரி இருக்கிறது."
"உன் கார்" என்றேன்.
காப்பி போட்டேன். இரண்டு கோப்பை குடித்தான்.

இந்த மார்ச்சில் அவன் தொண்டையில் கட்டி.
எடுத்தார்கள், கூடவே குரலும் போயிற்று.
மீண்டும் கடல். முதல் சாப்பாடு.
தொப்பியைக் கழற்றினான், வாய் திறந்தான்.
கதவிடுக்கில் நுழைகிற மாதிரி வெறும் காற்று.
மற்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
அவன் இருக்கும்போது அவன் இடத்தில் யார் பேசுவது?
பிறகு, ஏனோ, என்னைப் பார்த்தார்கள்.

பதினோரு வருஷம் கேட்டது.
சொல்லுக்குச் சொல் எனக்கு மனப்பாடம்.
ஆனால் நம்பாத ஒன்றை என் வாயால் சொன்னால்
அது அவனுக்கு நான் செய்யும் பரிகாசம்.
அவனும் என்னிடம் அதைக் கேட்கவில்லை,
மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்பைத் தணித்தேன்.
கரண்டியை உயர்த்திப் பிடித்தேன்,
மூச்சை எண்ணத் தொடங்கினேன்.
ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.
ஒன்பதாவதில் படகு சாய்ந்தது,
யாரோ ஒரு குவளையை எட்டிப் பிடித்தார்கள்.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
பானை விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு.

ஹோக்னி கண் திறந்தான்.
என் பக்கம் திரும்பி
உதட்டை மட்டும் அசைத்தான், இரண்டு சொல்லுக்கு.
ஒரு வாய் குடித்தான்.
பிறகு முகத்தைச் சுளித்து
உப்புப் புட்டியைக் காட்டினான்.