கீழ்ப்படி

அஸ்தம்பட்டியில் மூன்று மாடி வீடு.
போனவர் உருக்காலையில் இருந்தவர்,
மகன் கனடாவில்.
"எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றது போன்.
எல்லாத்தையும் என்றால் எவ்வளவு என்று
எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

முதலில் ஜன்னல்.
அத்தனையும் திறந்துவிட்டு
வெளியே வந்து ஆளுக்கொரு டீ.
"டீ குடிக்கவா கூலி?" என்று மேஸ்திரி கேட்ட காலம் உண்டு.
அந்த மாதம்தான் கொண்டலாம்பட்டியில்
பூட்டிய கொல்லை அறைக்குள் பூச்சிமருந்து கசிந்து
வெள்ளையன் நிலைப்படியிலேயே மடங்கினான்.
இப்போது டீக்குக் காசு மேஸ்திரியே தருகிறான்.
வெள்ளையன் குட்டியானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கயிறு சுருட்டுகிறான்.
மாடி ஏற மூச்சில்லை.

அப்புறம் மூட்டை.
கழுத்தைப் பிடி. தொடையில் சாய்க்காதே.
இடம் பத்தலை என்று காலால் அமுக்காதே.
எங்கும் எழுதி ஒட்டியதில்லை இதை.
அம்மாசியின் இடது உள்ளங்கையில் இருக்கிறது.
போன வருஷம், குகைப் பக்கம் ஒரு வீடு,
தலையணை உறைக்குள் யாரோ சேர்த்து வைத்திருந்த
சர்க்கரை ஊசிகள், நாற்பதோ ஐம்பதோ.
ஏறியது ஒன்றுதான்.
பெரியாஸ்பத்திரியில் கேட்டார்கள்:
"ஊசி போட்டுக்கிட்டவருக்கு வேற என்ன வியாதி?"
வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம்.
"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"
மூன்று மாதம்.
சோற்றில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும்
மகள் தட்டில் அவன் கை வைக்கவில்லை.
ஒன்றுமில்லை என்று சீட்டு வந்த அன்று
யாரிடமும் பேசாமல் நேராக வந்து
மூட்டையின் கழுத்தைப் பிடித்தான்.

இன்றைக்கு பீரோ.
மூன்றாம் மாடி. உள்ளே எல்லாம் காலி பண்ணி,
கதவைக் கயிற்றால் இறுக்கி,
கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டி,
மேலே அம்மாசியும் யூசுப்பும்
கீழே நானும் புதுப்பையன் சாந்தகுமாரும்.
"பொம்பளையாள் கீழேயா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.
மேலே இருப்பவனுக்குப் படி தெரியும், பாரம் தெரியாது.
எனக்குப் பாரம் தெரியும்;
படியைக் குதிகாலால் தேடிக்கொண்டு வருகிறேன்.
அதனால் சொல் என்னுடையது.
பள்ளிக்கூடத்தில் 'கீழ்ப்படி' என்று
பத்து முறை எழுத வைத்தார்கள். அது வேறு.
இங்கே அது நான் நிற்கிற இடம்.
நான் சொன்னால் மேலே கேட்கவேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் கையில் போன், போனுக்குள் மகன்:
"சுவத்துல கீறிடாதீங்க.
நாளைக்கு வீட்டைப் பார்க்க வர்றாங்க."
மேஸ்திரி: "எறக்கு, எறக்கு, இழு."
இரண்டாம் மாடி வளைவு.
சொத்தென்று ஏதோ அறுந்தது.
"நில்லு."

நின்றது.
யூசுப்பின் கை நடுங்குவது
தகரம் வழியாக என் தோளுக்கு வந்தது.
"ஏன் நின்னுட்டாங்க?" என்றது போன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
வளைவு ஜன்னல் கண்ணாடியில் விழுந்திருந்தது,
அதில் சேர்வராயன் மலை, சாய்ந்து,
டேப்புக்குப் பின்னால்.
அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.
என் வலது செருப்பின் வார் போயிருந்தது.
பூட்ஸ் கேட்டு இது மூன்றாவது வருஷம்.
உதறினேன். இடதையும் கழற்றினேன்.
படி குளிர்ந்தது, சொரசொரப்பு காலுக்குப் பிடிபட்டது.
சாந்தகுமாரைப் பார்த்தேன், தலையாட்டினான்.
"ம்."
ஒரு படி.
"ம்."

சாயங்காலம் வீடு காலி.
கூட்டி, கழுவி, சாவி கொடுத்தாயிற்று.
எல்லாத்தையும் எடுத்துடுங்க என்றார்கள்.
எடுத்துவிட்டோம்.
வார் அறுந்த அந்தச் செருப்பை மட்டும்
குட்டியானையின் முன் சீட்டில்,
மேஸ்திரி உட்காரும் இடத்தில்
வைத்துவிட்டு வந்து
பின்னால் ஏறிக்கொண்டேன்.