பிடித்தம்

மாதம் நூற்றைந்து ரூபாய்.
பதினோரு ஆண்டாக என் சம்பளத்தில்
நானே பிடித்து வருகிறேன்.
கொரடாச்சேரி தாண்டி
வெட்டாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
நவீன அரிசி ஆலை.
அறுபத்திரண்டு பேருக்குச் சம்பளப் பட்டியல்,
கணக்குப்பிள்ளை நான் ஒருவன்.

ஈ.எஸ்.ஐ. கட்டத்தில் எண்ணை அடிக்கும்போதெல்லாம்
ஊறப்போட்ட நெல்லின் புளித்த வாடை
சன்னல் வழியாக வந்து
மேசையில் உட்கார்ந்துகொள்ளும்.

“இது எங்க போவுது சார்?”
கேட்டது தவிட்டுப் பிரிவு பாக்கியவதி.
“கவர்மென்ட்டுக்கு.”
“திரும்பி வருமா?”
“வரும் வரும்” என்றேன்,
தீபாவளி போனஸைப் பற்றி
முதலாளி சொல்லும் அதே குரலில்.

அவள் விடுகிற ஆள் இல்லை.
கணவன், இரண்டு பிள்ளைகள், மாமியார் வரைக்கும்
ஆதாரைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள்.
எல்லாரையும் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன்.
ஒரு வியாழக்கிழமை விடுப்பு எழுதிவிட்டு
தஞ்சாவூர் மருந்தகம் போனாள்.
அவள் இருமலுக்கு இழுக்கிற மருந்து,
அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை,
மாமியாருக்குக் கண் ஆபரேஷனுக்குச் சீட்டு.
செலவு பஸ்ஸுக்கு மட்டும்.
மறுநாள் வந்து நின்றாள்.
“ஸ்டோர் ரூம்ல மூக்குமூடிப் பெட்டி
பிரிக்காமலே கெடக்கே,
அதுக்கும் சம்பளத்துல பிடிக்கிறீங்களா?”

சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.
ஆனியில் குத்திய ஆணி,
ஆவணி பிறந்தும் ஆறவில்லை.
என்னவென்று எனக்குத் தெரியும்.
தெரியக் கூடாது என்றுதான்
ஒரு நாளைக்கு ஆறு டீ,
நாலு மணிக்கு இரண்டு போண்டா,
திருவாரூரில் ஒரு தனியார் டாக்டர்,
ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு,
‘டெஸ்ட் எடுங்க’ என்று அவர் எழுதிய சீட்டு
சட்டைப்பையில் துவைபட்டுக் கூழானது.

‘நாற்பது தாண்டியவர்களுக்கு
ஆண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனை, கட்டணமில்லை.’
அந்தச் சுற்றறிக்கை என்னிடம்தான் இருந்தது.
பின்பக்கத்தில்
லாரி எடை கூட்டிப் போட்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு
என் பக்கத்தைத் திறந்தேன்.
குடும்பத்தினர்:
தாயார், ராஜலட்சுமி.
அவ்வளவுதான்.
அம்மா போய் ஆறு வருஷம்.
மங்கையர்க்கரசி வந்து ஒன்பது வருஷம்.
அவள் தைராய்டு மாத்திரைக்கு
மாதம் நானூற்று இருபது ரூபாய்
மளிகைக் கணக்கில் கலந்து போய்க்கொண்டிருக்கிறது.
ஊரார் வீட்டு மாமியாரை எல்லாம்
பிழையில்லாமல் ஏற்றிய விரல் இது.

நீக்கு என்று அழுத்தினேன்.
காரணம் கேட்டது கணினி.
நாலு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
சுழல்கிற வட்டத்தையே பார்த்திருந்தேன்.
அரைவைக்கூடம் நின்று போயிருந்தது.
கரன்ட் போகவில்லை, ஷிப்ட் முடிந்திருந்தது.

வரிசையில் எனக்கு முப்பத்தேழாவது எண்.
பக்கத்தில் எங்கள் ஆலை மூட்டைக்காரர் சின்னத்தம்பி,
“நீங்களுமா சார்” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.
டாக்டரம்மா காலைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார்,
“சோத்தப் பாதியாக் குறைங்க.
எங்க வேலை?”
“ரைஸ் மில்லுங்க.”
எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நொடி நின்றது.
சிரிப்பை அவர் நன்றாகத்தான் அடக்கினார்.

இப்போது விடிகாலையில் ஆற்றங்கரையில்
மதகு வரைக்கும் நடக்கிறேன்.
மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது, நுரையோடு,
குப்பையோடு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்
வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போகிறது.
திறக்காத மதகுக்கு மட்டும்
வெளியே நின்று சுழல்கிறது.

மங்கையர்க்கரசி மாத்திரை வாங்க
என்னோடுதான் பஸ் ஏறுகிறாள்.
சன்னலோரம் அவளுக்கு.

நேற்று ஒரு போண்டா தின்றேன்.
அதையும் எழுதிவிடுகிறேன்,
கணக்கு என்றால் கணக்கு.