வலது கெண்டைக்கால்

காலடிப்பேட்டையில் மாடியறை.
கீழே பேட்டரி கடை. ஜன்னலுக்கு எதிரே
மெட்ரோத் தூணின் சாம்பல் முதுகு.

கஜபதி குப்புறப் படுத்திருக்கிறார்.
இருபத்தாறு வருஷம் எண்ணூர் வண்டி ஓட்டினவர்,
ஆறு வாரமாக மெடிக்கல் லீவ்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் ஒன்றுமில்லை.
"ஒண்ணியும் இல்லன்றானுங்க மேடம்,
அப்ப நோவுறது யாரு?"

இடது கால் ஈரமணல்போல் இறங்கிக் கொடுக்கிறது.
வலது கெண்டையோ
நான் அழுத்தினால் திருப்பி அழுத்துகிறது.
"தளர விடுங்க."
"உட்டுட்டேனே."
விட்டதாகத்தான் நினைக்கிறார்.
காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

தொடையெலும்பில் தொடங்கி
குதிகாலில் முடியும் தசை என்று
கல்லூரியில் படம் போட்டுச் சொன்னார்கள்.
ரோடு வரைக்கும் போகும் என்று
யாரும் சொல்லவில்லை.

மல்லாக்கத் திருப்பி
குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினேன்.
கீழே ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.
அவர் பாதம் என் கையை மிதித்தது.
கண் மூடியிருந்தது. மூச்சு நின்றிருந்தது.
ஒரு நொடி
நான்தான் பிரேக்.

அடுத்த ஹாரனுக்கும் மிதித்தார்.
சைக்கிள் மணிக்குக்கூட, லேசாக.

"யாரையாவது இடிச்சிருக்கீங்களா?"
கேட்டிருக்கக் கூடாது.
ரொம்ப நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
"ஒருத்தரியும் இல்ல. ஆட்டுக்குட்டிகூட இல்ல."
பிறகு கேட்காமலே:
தேரடிகிட்ட பந்து பின்னால ஓடியாந்த பையன்,
தண்ணி லாரிக்குப் பின்னாலேர்ந்து
குடத்தோட வந்த பொம்பள,
எர்ணாவூர் ஸ்டாப்பிங்ல போதையில
வண்டியப் பாத்து கும்புட்டு நின்ன ஆளு.
"அல்லாரும் வூட்டுக்குப் போய்ட்டாங்க மேடம்.
அவங்களுக்கு ஞாபகமே இருக்காது."

நடக்காத விபத்துகள் ஸ்கேனில் விழுவதில்லை.
வீடு போய்ச் சேர்ந்தவர்களை
இந்தக் கால் இன்னும் அனுப்பி வைக்கவில்லை.

அன்று எதையும் பிசையவில்லை.
தைலக் குப்பியைத் திறக்கவில்லை.
மிதிக்கும்போது மிதி வாங்கினேன், அவ்வளவுதான்.
பத்தாவது ஹாரனோ பதினைந்தாவதோ,
பாதம் பாதி வழியில் யோசித்தது,
திரும்பிப் போனது.
வயிறு ஏறி இறங்கியது. குறட்டை.
குறட்டைக்கு நடுவே
இன்னும் ஒரு முறை மிதித்தார்.

செருப்பு மாட்டும்போதும் நொண்டத்தான் செய்தார்.
செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.
என் மணிக்கட்டு வலித்தது.
இதை எந்த ரெஜிஸ்டரில் எழுதுவது?

இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
பால் வாங்க ரோட்டைத் தாண்டினேன்,
எதையோ நினைத்துக்கொண்டு.
என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி
ஒரு பஸ் குலுங்கி நின்றது.
டிரைவர் தலையை நீட்டினார்:
"இன்னாமா, வூட்ல சொல்ட்டு வன்ட்டியா?"

அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
தகரத்துக்குப் பின்னால்
அவர் வலது கால் இருக்கும் இடத்தைப் பார்த்து
"இல்லண்ணே" என்றேன்.